சால்டர் ரிங்கா, எண்ட் ஃபீடா?

பிரிட்டனில் கொஞ்சம் பழைய வீட்டுக்குக் குடிபோனவர் செப்புக் குழாயில் கைவைக்காமல் தப்ப முடியாது. கடைக்குப் போனால் அதே 15 மி.மீ. எல்போ, அதாவது குழாயைத் திருப்பும் ஃபிட்டிங் (இணைப்புத் துண்டு), இரண்டு விதமாக இருக்கும். வழவழவென்று இருப்பது எண்ட் ஃபீட். வாயருகே ஒரு வரி புடைத்திருப்பது சால்டர் ரிங். எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் பழைய பிளம்பர்களுக்கு அது ‘யார்க்‌ஷயர்’தான். அந்தப் புடைப்புக்குள் வேண்டிய சால்டரை, அதாவது உருகி ஒட்டவைக்கும் உலோகத்தை, முன்பே வைத்திருப்பார்கள். சூடு காட்டினால் உருகி இடுக்கில் பரவி, வாயோரம் வெள்ளி வளையமாக எட்டிப் பார்க்கும். எண்ட் ஃபீடுக்கு நாம்தான் சால்டர் கம்பியை நீட்ட வேண்டும். விலையில் எண்ட் ஃபீட் மலிவு.

“புதுசாகச் செய்கிறவனுக்கு ரிங்தான் சுலபம்” என்பார்கள். நானும் நம்பினேன். சிங்க்குக்குக் கீழே மூன்று வாய் உள்ள ஒரு ‘டீ’ ஃபிட்டிங். இரண்டு வாயை ஒட்டிவிட்டு, மூன்றாவதை மறுநாள் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் பைப் உள்ளே போகவே இல்லை. இரண்டு வாய்க்குக் காட்டிய சூட்டில் மூன்றாவது வாயின் ரிங்கும் உருகி, காலி வாய்க்குள் கட்டிதட்டிப் போயிருந்தது. ரிங் ஃபிட்டிங் என்றால் எல்லா வாயிலும் பைப்பைச் செருகி ஒரே மூச்சில் ஒட்டிவிட வேண்டும். எண்ட் ஃபீடில் அந்த அவசரம் இல்லை. ஒட்டிய பக்கம் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு மிச்சத்தை நாளைக்கும் பார்க்கலாம்.

எண்ட் ஃபீடில் புதியவர் செய்யும் தப்பு, கம்பியைத் தாராளமாக ஊட்டுவது. 15 மி.மீ. பைப்புக்குக் கம்பியும் சுமார் 15 மி.மீ. நீளம் போதும், மிஞ்சினால் உள்ளே சொட்டி நிற்கும். தீயை ஃபிட்டிங்கில் காட்டுங்கள், கம்பியில் அல்ல. செம்பின் சூட்டிலேயே கம்பி உருக வேண்டும்.

கம்பியில் ஈயம் கலந்ததை வாங்காதீர்கள். குடிநீர்க் குழாய்க்கு அது 1987 முதல் தடை. நம் பேச்சில் காரீயமும் ஈயம், வெள்ளீயமும் ஈயம் என்பதால் குழப்பம் வரலாம். தடை காரீயத்துக்கு. இப்போதைய சால்டர் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளீயம், அதாவது ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் அதே உலோகம்.

அப்படியானால் ரிங் எங்கே ஜெயிக்கிறது? சுவரோடு ஒட்டிப் போகும் பைப்பில். பின்பக்கம் கம்பியும் நுழையாது, கண்ணும் எட்டாது. அங்கே ரிங்கைப் போட்டுவிட்டு, சின்னக் கண்ணாடியைப் பிடித்து வெள்ளி வளையம் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மற்ற இடத்துக்கெல்லாம் என் பையில் எண்ட் ஃபீட்தான்.

எதுவானாலும் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் களிம்பு) தடவி, ஒட்டியதும் துடைத்துவிடுங்கள். விட்டால் பச்சை பூக்கும். பைப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் சூடே ஏறாது. உள்ளே ரொட்டித் துண்டைத் திணித்து நீரைத் தடுப்பது பழைய பிளம்பர் தந்திரம். பிறகு அது கரைந்து போய்விடும். அதற்கும் நிற்காவிட்டால் தீயே வேண்டாம், இரண்டு ஸ்பானரால் முறுக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்தான்.

1970-களுக்கு முந்தைய பைப்பானால் இன்னொன்று: அரை இன்ச் பைப் 15 மி.மீ. ஃபிட்டிங்கில் எப்படியோ உட்காரும். முக்கால் இன்ச் 22 மி.மீ.யில் தொளதொளவென்று ஆடும், சால்டர் நிற்காது. அதற்கென்று விற்கும் அடாப்டரை முதலிலேயே வாங்கி வந்துவிடுங்கள்.