பேனா கடைகிறவர்கள் கவனத்துக்கு: "எல்லா கிட்டுக்கும் ஒரே புஷ்" என்றால் வாங்காதீர்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மரப் பேனா கடைகிறவர்கள் மாண்ட்ரல் (லேத்தில் பேனா மரத்தைக் கோத்துச் சுழற்றும் கம்பி) வாங்கப் போகிறீர்களா? "எல்லா கிட்டுக்கும் ஒரே புஷ்" என்று சொல்லி நீட்டுகிற பாக்கெட்டைத் தொடாதீர்கள். கிட் என்றால் பேனாவின் உதிரிகள் அடங்கிய தொகுப்பு; புஷ் என்றால் அந்தக் கம்பியில் மரத்தின் இரு முனையிலும் போடும் உலோக வளையம். இங்கே ஒரு டூல்ஸ் கடையில் அதைத்தான் என் தலையில் கட்டினார்கள்.

அப்படி ஒரு பொதுப் புஷ் கிடையவே கிடையாது. மரத்தை எதுவரை கடைய வேண்டும் என்பதற்குப் புஷ்ஷின் வெளி விட்டம்தான் அளவு. அந்தந்த கிட்டின் முனை, கிளிப் வளையத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். ஸ்லிம்லைன் என்ற மெல்லிய பேனா கிட்டுக்கு, மரத்துக்குள் ஒட்டும் பித்தளைக் குழாய் 7 மில்லி, புஷ் ஏறக்குறைய 8.4 மில்லி. எனக்குத் தந்ததை வெர்னியரில் பிடித்தால் ஒன்று 8.1, இன்னொன்று 8.6. துளையும் பெரிசு, கம்பியில் போட்டு ஆட்டினால் லொடலொட.

நல்ல அயினித் துண்டு ஒன்று அதில் வீணாய்ப் போனது. மெழுகு போடும்வரை ஒன்றும் தெரியவில்லை. பூட்டிய பிறகு பார்த்தால், ஒரு பக்கம் மரம் வளையத்தைத் தாண்டித் துருத்தி நகத்தில் தட்டுகிறது. எதிர்ப்பக்கம் மரம் தேய்ந்து பித்தளைக் குழாய் மஞ்சளாகத் தெரிகிறது. குழாய் மையத்தில் சுற்றவில்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

கடையில் கேட்டதற்கு, "நட்டை ரொம்ப இறுக்கிட்டீங்க சார்" என்றார். அதிகம் இறுக்கினால் கம்பி வளையும், உண்மைதான். அதனால் அவர் கடையிலேயே பிரிக்காத பாக்கெட் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, கம்பியை ஷோகேஸ் கண்ணாடிமேல் உருட்டிக் காட்டினேன். உருள உருள நடுவில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தது. சரி என்று ஒத்துக்கொள்வார் என்று பார்த்தால், "வித்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பேச்சு மாறிவிட்டது. பில்லில் வெறும் "டூல்ஸ்" என்றுதான் இருக்கிறது, எதை வைத்துச் சண்டை போட?

அப்புறம் கோட்டாறு பக்கம் ஒரு லேத் பட்டறையில் டயல் கேஜ் (கம்பி சுற்றும்போது ஆட்டத்தைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்த அண்ணாச்சி, "இது வளைஞ்ச கம்பியாக்கும் மக்கா, தூரப் போடு" என்றார். கிட்டின் உதிரிகளை அளந்து புஷ்களை அவரே கடைந்து கொடுத்தார். கச்சிதம்.

வாங்கப் போகும்போது கிட்டையும் வெர்னியரையும் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் லேத்தின் கூம்புத் துளை (மோர்ஸ் டேப்பர்) எம்டி1-ஆ எம்டி2-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள், டெயில்ஸ்டாக் சென்டர் (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் கூர்முனை) 60 டிகிரியாக இருக்கட்டும். எந்த கிட்டுக்கான புஷ், என்ன அளவு என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.