சின்ன அணைக் குளத்துக்கான ஆய்வு சேவை: கரைக்கு அழைக்கலாம், பறவைக்கு வேறு ஆளைப் பாருங்கள்

எங்கள் குளத்தை ஆய்வு செய்ய வந்த நிறுவனத்துக்கு என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. கரை, மதகு, கலிங்கு (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) இவற்றை எப்படிப் பார்க்கவேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். குளத்தில் என்ன வாழ்கிறது என்று பார்க்கச் சொன்னால் கை விரிக்கிறார்கள், அதுகூடப் பரவாயில்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரி அறிக்கையில் எழுதியும் தருகிறார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஓடையை மறித்து மண்கரை போட்ட குளம் ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்து, அதில் பறவையும் வரவேண்டும், ஆட்கள் நீந்தவும் துடுப்புப் படகு ஓட்டவும் வேண்டும், கரையும் நிற்கவேண்டும் என்று மூன்றுக்கும் ஆசைப்படுகிறவர்களுக்கு, இந்த மாதிரி சேவையில் எதற்குக் காசு கொடுக்கலாம் என்று சொல்லத்தான் இது.

"இத்தனூண்டு குளத்துக்கு எதற்கு இன்ஜினியர்?" என்று குளத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சர்வதேசப் பெரிய அணைகள் ஆணையத்தின் கணக்குப்படி 15 மீட்டர் உயரம் இருக்கவேண்டும், அல்லது 5 மீட்டருக்கு மேல் இருந்து 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கவேண்டும், அப்போதுதான் அது பெரிய அணை. நம்முடையது அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் உடைந்தால் யார் தலையில் விழும் என்பதை உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை, கீழே யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்று ஒரு மண் அணை இருந்தது, சுமார் 40 அடி உயரம். மின்சாரம் எடுப்பதை நிறுத்தியபிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரியாகக் கிடந்தது. 1977 நவம்பர் 6 அதிகாலை, நல்ல மழைக்குப் பிறகு உடைந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம். 39 பேர் இறந்தார்கள். இதை எடுத்துச் சொன்னபிறகு எங்கள் குழுவில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

சரி, சேவைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் பார்க்கத் தொடங்கிய இடம். வந்தவுடன் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், இவர்கள் நேராகக் கரையின் வெளிப்பக்கம் அடிவாரத்துக்குப் போனார்கள். ஈரமான இடம் எங்கே, புல் எங்கே அளவுக்கு மீறிப் பச்சையாக இருக்கிறது, எங்கே கால் புதைகிறது என்று கரை நெடுகக் குனிந்தபடியே நடந்தார்கள். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், உள்ளே ஒரு குழாய் மாதிரி வழி உருவாகிக்கொண்டிருக்கிறது, அது ஒருமுறை திறந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். எங்களுடையது தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் அதோடு விடாமல், கசிவு ஒன்றுசேர்ந்து ஓடுகிற இடத்தில் 'வி' வடிவ வெட்டு உள்ள தகடு ஒன்றைப் பதித்து, தண்ணீர் எந்த உயரத்தில் வழிகிறது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். குளத்தின் மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதவேண்டும். குளம் அதே மட்டத்தில் இருக்கும்போது கசிவு மட்டும் கூடினால் உடனே ஆளைக் கூப்பிடவேண்டும். மொத்த சேவையில் இந்தத் தகடு ஒன்றுக்கே பாதிக் காசு தகும்.

மதகுக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பழைய நெளி இரும்புக் குழாய், இரண்டு இணைப்புகளில் துரு தின்றிருந்தது. குழாய்க்கு உள்ளே ஓடுகிற தண்ணீரைவிட அதன் வெளிச்சுவரை ஒட்டி மண்ணுக்குள் வழி தேடுகிற தண்ணீர்தான் ஆபத்து என்று விளக்கினார்கள். அந்தக் காலத்தில் இதற்குக் குழாயைச் சுற்றி கான்கிரீட் தடுப்புப் பட்டை போடுவார்கள், இப்போது குழாயின் வெளிமுனைப் பக்கம் சரியான அளவு மணலால் வடிகட்டி அமைப்பதுதான் நல்லது என்று கருதப்படுகிறது. தண்ணீர் வெளியே போகட்டும், மண் போகக்கூடாது. இவர்கள் இரண்டாவதைத்தான் பரிந்துரைத்தார்கள், அதில் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் கலிங்கு. மீன் வெளியே போய்விடக்கூடாது என்று யாரோ கம்பிவலை கட்டியிருந்தார்கள். பார்த்த உடனே, அறிக்கை கிறிக்கை எல்லாம் அப்புறம், முதலில் இதை அறுங்கள் என்றார் வந்தவர். மழையில் இலையும் சுள்ளியும் வந்து வலையில் அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கரைமேல் ஏறும். மண் அணைகள் உடைவதற்கு முன்னணிக் காரணங்களில் ஒன்றே கரைமேல் வழிவதுதான். நாலு மீனுக்காக ஒரு கரையைப் பணயம் வைப்பதா? மட்டம் பார்க்கும் கருவி வைத்துக் கரையின் உச்சியை அளந்ததில் நடுவில் ஒரு பள்ளமும் தெரிந்தது. பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. நடைபயிற்சிக்காரர்களும் சைக்கிளும் கரைமேல் ஏறி இறங்கித் தேய்த்த இடம் அது. வெள்ளம் வந்தால் முதலில் வழியப்போவது அங்கேதான், வழிகிற இடத்தில் அரிப்பு ஆரம்பித்தால் நிற்காது. பாதையைக் கரையைவிட்டு ஒதுக்கி அடிவாரத்துக்கு அப்பால் கொண்டுபோகச் சொன்னார்கள், பள்ளத்தை நிரப்பி இறுக்கிப் புல் போடச் சொன்னார்கள். நல்ல யோசனை. மழையன்று கரைமேல் நடக்க முடியவில்லையே என்று சிலர் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

இப்போது குறை. கரைமேல் மரம் வேண்டாம் என்றார்கள், அது சரிதான். வேர் மக்கினால் கரைக்குள் ஓட்டை, புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு பெரிய மண்கட்டியே போய்விடும். பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுவதும் கூடாது, வேரைத் தோண்டி எடுத்துப் புதுமண் போட்டு இறுக்கவேண்டும், அதுவும் குளத்து மட்டத்தை இறக்கிவிட்டு. இதுவரை அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பகுதியில் குளத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கோரையை அகற்று, விழுந்து கிடக்கும் மரத்தை எடு, கரையெல்லாம் கல்படி கட்டு, நடுவில் நீரூற்று வை, அலங்கார மீன் விடு என்று எழுதியிருந்தது. ஏதோ பூங்காவுக்குப் போட்ட அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியது என்பது பார்த்தாலே தெரிகிறது. அணைக்கரையில் இருந்து தள்ளி இருக்கிற எதிர்ப்பக்கத்துக் கோரை கரையை என்ன செய்யும்? அங்கேதானே நீர்க்கோழி கூடு கட்டும், முக்குளிப்பான் குஞ்சை மறைக்கும். தண்ணீரில் பாதி மூழ்கிய மரம் ஆமைக்கு வெயில் காயும் இடம், கொக்குக்கு நிற்கும் இடம். செங்குத்தான கல்படி கட்டினால் தவளையும் தலைப்பிரட்டையும் எங்கே போகும்? மீனை விட்டால் தலைப்பிரட்டையையும் தட்டானின் இளம்புழுவையும் அது தின்றுவிடும்.

உயிரினங்களுக்கு வேண்டியது, முழங்காலுக்கும் குறைவான ஆழத்தில் அகலமான ஒரு திட்டு, மெல்லச் சரியும் விளிம்பு, மட்டம் இறங்கும்போது வெளியே தெரியும் சேறு. இதை ஓடை வந்து சேரும் பக்கம் வைத்தால் அணைக்கு ஒரு தொல்லையும் இல்லை. கரையில் வெட்டிய புல், எதிரில் வெட்டாத கோரை, இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் சண்டையே வராது. இதைச் சொல்லத் தெரியாதவர்கள் அந்தப் பகுதியைக் காலியாக விட்டிருக்கலாம். கடைசியில் பறவை பார்க்கும் நண்பர் ஒருவரை அழைத்துக் கரையோரம் நடந்து அதை நாங்களே முடிவு செய்துகொண்டோம். கரையில் எலி வளையும் நண்டு வளையும் இருக்கின்றன என்று அறிக்கையில் படத்தோடு காட்டியிருக்கிறார்கள், அது மட்டும் பயன்பட்டது, வளைகளை அடைக்கும் வேலை ஆரம்பித்துவிட்டது.

நீச்சல், படகு பற்றி எழுதியது சுமார். மதகின் உள்வாயில் கம்பித் தடுப்பு இருக்கவேண்டும், அதைச் சுற்றி மிதவைக் கயிறு கட்டி ஆட்களை விலக்கவேண்டும், திறந்திருக்கும்போது இழுப்பு ஆளையே பிடித்து வைத்துவிடும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். கலிங்கில் தண்ணீர் விழுகிற இடத்தில் சுழல் உருண்டுகொண்டே இருக்கும், உள்ளே போனவரை வெளியே விடாது, அங்கே எச்சரிக்கைப் பலகை போடச் சொன்னதும் சரி. ஆனால் வெயில் காலத்தில் தண்ணீர்மேல் பச்சைச் சாயம் கொட்டின மாதிரி நீலப்பச்சைப்பாசி படர்ந்தால் குளிக்கக்கூடாது, நாயை இறக்கவே கூடாது என்ற ஒரு வரி எங்கேயும் இல்லை. குளத்தில் ஆட்களை இறக்குகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் எப்படி விடுவது?

அவசரத் திட்டம் என்று ஒரே ஒரு பக்கம் தந்தார்கள். கலங்கல் தண்ணீர் தெரிந்தால் யாரை முதலில் அழைப்பது, கீழே எந்தெந்த வீட்டுக்குச் சொல்லவேண்டும், மதகை யார் திறப்பது, எவ்வளவு திறப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. படகுக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். சாதாரண நாட்களில் மட்டத்தை இறக்கும்போது நாளுக்கு ஓர் அடிக்கு மேல் இறக்காதீர்கள் என்றும் அதில் இருக்கிறது, சட்டென்று இறக்கினால் ஈரம் ஊறிய உள்சரிவு தாங்கமாட்டாமல் சரிந்துவிடும்.

அறிக்கை சொன்ன தேதிக்கு வரவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. வந்ததும் படங்கள் கரையின் எந்த இடத்தில் எடுத்தவை என்ற குறிப்பே இல்லை, நாங்களே கரையில் நடந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தினோம். நீங்கள் இப்படி ஒருவரை அமர்த்தினால் கரை ஓரத்தில் தூரம் எழுதிய கட்டைகளை அடித்து வைத்து, படத்துக்குப் படம் கட்டை எண்ணைப் போடவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மீண்டும் அழைப்பேன். குளம் நிரம்பிக் கலிங்கு ஓடுகிற நாளாகப் பார்த்து வரச் சொல்வேன், ஏனென்றால் கசிவு தெரிவது அப்போதுதான், குளம் வற்றிக் கிடக்கும்போது வந்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவருக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.