கார் ஷெட் வயரிங்: பட்டனை அழுத்தியும் விளக்கு அணையவில்லை

செங்கோட்டை, புளியரை, இலஞ்சிப் பக்கம் கார் ஷெட்டுக்கு வயரிங் செய்யப்போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வயரிங் செய்த ஆளின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் 12 அடிக்கு 20 அடி ஷெட். இரும்புத் தூண், தகரக் கூரை, முன்னால் ஷட்டர். வீட்டுச் சுவரிலிருந்து 45 அடி தூரம். மின்சாரக் கார் வாங்கியிருந்ததால் இரவில் சார்ஜ் போட ஒரு 16 ஆம்பியர் பிளக், காற்றடிக்கும் கம்ப்ரசருக்கு ஒன்று, விளக்குகள். இவ்வளவுதான் வேலை.

எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறவர் அவர். ஆரியங்காவிலும் தென்மலையிலும் முடித்த வீடுகளின் படங்களைப் போனில் காட்டினார். தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். "நமக்குக் கேரளா பெர்மிட் அண்ணாச்சி, புனலூர் வீட்டில் இருக்கிறது" என்றார். புனலூரில் இருக்கும் என் மைத்துனர் பிறகு விசாரித்துச் சொன்னார்: அங்கே கேட்டவர்களிடம், தமிழ்நாட்டுச் சான்று தென்காசியில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். 1956 நவம்பரில் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் எங்கள் செங்கோட்டை. அந்த எல்லைக்கோட்டை இவரளவுக்குப் பயன்படுத்திக்கொண்டவர் இருக்க முடியாது.

மொத்தம் 46,000 ரூபாய் என்று பேசினோம். 30,000 முன்பணம். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த கணக்கில் 4 சதுர மி.மீ. வயர் இரண்டு சுருள் என்று இருந்தது. நான் ஒரு நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க வேண்டும். 45 அடி என்றால் ஏறக்குறைய 14 மீட்டர். பேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று இழை ஓடினால் 42 மீட்டர். ஒரு சுருள் 90 மீட்டர். ஒரே சுருளில் பாதிக்கு மேல் மிஞ்சும். இரண்டாவது சுருளுக்கு என்ன வேலை? கேட்கவில்லை. முதல் சுருளையாவது கண்ணால் பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை. பகலில் நான் தென்காசியில் அலுவலகத்தில் இருந்தேன். மாலையில் வரும்போது பைப்பின் மேல் மண் மூடியிருந்தது.

சித்திரை வெயிலில் வேலை முடிந்தது. சார்ஜரை முதன்முதலாகச் செருகியதும் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் சரியில்லை என்பதற்கான அடையாளம் அது. "இப்போதே பார்த்துவிடலாம்" என்று ஸ்க்ரூ டிரைவரோடு பிளக் பெட்டியைத் திறந்தார். பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு. எனக்குப் பரம திருப்தி. மீதிப் பணத்தை அன்றைக்கே கொடுத்தேன்.

ஆனியில் சாரல் தொடங்கியது. தூறல் விழும் நாட்களில் சார்ஜ் போட்டால் ஆர்சிசிபி விழுந்துவிடும். ஷெட்டுக்கென்று வீட்டுப் பின்சுவரில் வைத்த தனிப் பெட்டியில் இருக்கும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கிற கருவி அது. வெயில் அடித்தால் ஒன்றும் ஆகாது. மழை என்றால் விழும். அவரை அழைத்தேன். வந்தார், "கருவி கொஞ்சம் கூச்ச சுபாவம் அண்ணாச்சி" என்று சிரித்தார், ஏதோ செய்தார், 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அது விழவே இல்லை.

விழாதது நல்லது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி.

ஆடியில் ஒரு நாள், கார் சார்ஜில் இருக்கும்போது, என் மகள் வெறுங்காலோடு போய் ஷட்டரைப் பிடித்தாள். "அப்பா, சுர்ரென்கிறது" என்று கையை உதறினாள். மெயினை அணைத்துவிட்டு, இலஞ்சியிலிருந்து உரிமம் உள்ள ஒரு பெரியவரை வரவழைத்தேன். ஒருவரையும் ஷெட் பக்கம் விடாமல், விளக்கு மட்டும் எரியுமாறு மின்சாரத்தைக் கொடுத்து, ஆர்சிசிபியில் 'டி' என்று போட்ட சோதனைப் பட்டனை அழுத்தினார். கைப்பிடி டக்கென்று கீழே விழுந்தது. ஷெட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"தம்பி, இது பொம்மை" என்றார்.

வெளியே போகிற கம்பிகளையும் உள்ளே வருகிற முனைகளிலேயே சேர்த்து முறுக்கியிருந்தார்கள். கருவி விழுந்தாலும் எழுந்தாலும் ஷெட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

பெரியவர் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க எனக்கு வியர்த்தது. எர்த் கம்பி வீட்டிலிருந்து வரவே இல்லை. பிளக்கின் எர்த் முனையிலிருந்து ஒரு துண்டுக் கம்பி இரும்புத் தூணுக்குப் போனது. தூண் மண்ணுக்குள்தானே நிற்கிறது என்ற கணக்கு. கான்கிரீட்டில் நிற்கிற தூணை சார்ஜர் எர்த் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் சிவப்பு விளக்கு. பத்து நிமிடத்தில் அது பச்சையானது எப்படி? பிளக் பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்னக் கம்பியால் முதல் ஆள் இணைத்திருந்தார். நியூட்ரலையே எர்த் என்று நம்பி சார்ஜர் ஏமாந்துவிட்டது. ஆர்சிசிபி ஏமாறவில்லை. நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு தூண் வழியாக மண்ணில் இறங்கியதும், போனதும் வந்ததும் சமமாக இல்லையென்று துண்டித்தது. மண் நனைந்தால் கசிவு கூடும். மழைக்கும் அதற்கும் இருந்த உறவு இதுதான். உண்மையைச் சொன்ன ஒரே பொருளின் வாயை 500 ரூபாய் கொடுத்து நான் அடைத்திருக்கிறேன்.

இப்போது மொத்த ஷெட்டும் நியூட்ரலோடு பிணைக்கப்பட்டிருந்தது. தோண்டிப் பார்த்தபோது பைப் அரை அடி ஆழத்தில்தான் இருந்தது. உள்ளே தண்ணீர். நடுவில் நியூட்ரலை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு, சூட்டில் கருகி இளகிக் கிடந்தது. அது முழுதாக விட்டுப்போயிருந்தால், பிளக்கில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், தூண், கூரை, ஷட்டர் எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறியிருக்கும்.

வயரின் மேலேயே அச்சிட்டிருந்தது: 1.5 சதுர மி.மீ. கணக்கில் எழுதிய 4 அன்று. அதற்கு வைத்திருந்த எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறி ஓடினால் துண்டிக்கிற கருவி, 32 ஆம்பியர். கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது சின்ன எம்சிபி விழுந்திருக்கும், பெரியதை மாட்டிவிட்டார். எம்சிபி காப்பாற்ற வேண்டியது வயரைத்தான். 1.5 வயருக்கு 32 வைத்தால் முதலில் எரிவது வயர். கார் சார்ஜ் என்பது மிக்சி ஓடுவதுபோல் ஐந்து நிமிட விஷயம் அன்று. இரவெல்லாம் 15 ஆம்பியர் இழுக்கும்.

விளக்கு விஷயம் இதற்கு முன்னால் சின்னதுதான், ஆனாலும் சொல்கிறேன். கூரையின் நடுவில் ஒரே ஒரு 20 வாட் எல்இடி பட்டை. கார் உள்ளே வந்தால் வெளிச்சம் முழுவதும் காரின் தலையில் விழும். பானட்டைத் திறந்து குனிந்தால் என் நிழலிலேயே நான் தேட வேண்டும். இப்போது இரண்டு பக்கச் சுவரோரமும் நீளவாக்கில் ஒவ்வொன்று, வேலை மேசைக்கு மேல் ஒன்று இருக்கிறது. இன்னொரு கொடுமை, வெளிப் பிளக்கை மூடியில்லாமல் மேற்குச் சுவரில் வைத்திருந்தார். கணவாய்க் காற்றில் சாரல் எந்தத் திசையிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

பெரியவர் மூன்று இழையும் 4 வயராகவே புதிதாக இழுத்தார். ஒட்டே இல்லாமல். ஷெட்டுக்குத் தனி எர்த் குழி தோண்டி, தூண்களையும் அதோடு இணைத்தார். சார்ஜ் பிளக்குக்கு 20 ஆம்பியர் எம்சிபி, விளக்குக்குத் தனியாக 6, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. பைப்பை மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, வயரில் இருந்த அச்சைப் படிக்கச் சொன்னார். செலவு 31,000. முதல் ஆளுக்குக் கொடுத்தது போனதுதான். இப்போது என் எண்ணைப் பார்த்தால் அவர் எடுப்பதில்லை.

ஏற்கெனவே ஷெட் வயரிங் முடித்தவர்கள் இன்று விளக்கைப் போட்டுவிட்டு 'டி' பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். கைப்பிடி விழுந்தும் விளக்கு எரிந்தால், அல்லது கைப்பிடி விழவே இல்லையென்றால், மெயினை அணைத்துவிட்டு உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள்.

நேற்று இரண்டு தெரு தள்ளி ஒரு புதிய ஷெட்டுக்கு முன்னால் அவருடைய ஏணி சாய்த்து வைத்திருந்தது. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ஆள் நல்ல மாதிரியாகப் பேசுகிறாரே" என்றார். என்னிடமும் அப்படித்தான் பேசினார் என்றேன்.