தலைமாட்டுப் பலகைக்குப் பின்னல் உறை: கம்பளியா, அக்ரிலிக்கா?

குன்னூர் கடைகளில் போய் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக் நூலாகத்தான் இருக்கும். பின்னுகிற நூல் எதுவானாலும் இங்கே அதற்கு உல்லன் என்றுதான் பேர். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நாமும் அப்படித்தான் கேட்கிறோம். சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் மிளகு மாதிரி கறுத்த கெட்டி உருண்டையாக நிற்கும். நசுக்கினாலும் நசுங்காது.

இந்தச் சோதனையைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து செய்தோம். அவள் கொடைக்கானலில் இருக்கிறாள். இரண்டு பேர் வீட்டிலும் ஐந்தடி அகலக் கட்டில், தேக்குத் தலைமாடு, அது வெளிச்சுவரை ஒட்டி. ஜனவரி ராத்திரியில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு சில்லிட்டுப்போகும். சாய்மானத்துக்கு மெத்தென்று, கண்ணுக்கும் மேடுபள்ளமாக அழகாக இருக்கிற மாதிரி ஒரு பின்னல் உறை போடலாம் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தோம். அவள் சுத்தக் கம்பளி. நான் அக்ரிலிக்.

“அண்ணி, மலையில இருந்துகிட்டு பிளாஸ்டிக் நூலா?” என்றாள். அவளுக்கு ஆட்டு ரோமத்தின் மேல் தனி மரியாதை. கொடைக்கானல் பக்கத்து மன்னவனூரில் 1965 முதல் இயங்கும் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையத்துக்குப் போய், மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன பாரத் மெரினோ ஆடுகளின் ரோமத்துக்குள் விரலை விட்டுப் பார்த்து வந்தவள். கையில் பிடித்துப் பார்த்தால் அவள் பக்கம்தான் நியாயம் என்று எனக்கே தோன்றியது. இரண்டு மழைக்காலம் போன பிறகு என் கட்சி அக்ரிலிக். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பருத்தியைத் தள்ளிவிடுகிறேன். பருத்தி நூலுக்கு இழுத்தால் திரும்புகிற குணம் குறைவு. ஒரு கிலோ எடையுள்ள உறை பலகையின் மேல் விளிம்பிலிருந்து தொங்கும்போது மாதத்துக்கு மாதம் தொய்யும். ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது சாப்பாடு. மதுரையிலோ கோவையிலோ இருந்தால் நானே பருத்திதான் எடுத்திருப்பேன்.

சூடு, மென்மை, பார்வை, இவற்றில் கம்பளிதான் மேலே. அதைப் பற்றி வாதமே இல்லை. விலையில் நாங்கள் வாங்கிய கணக்குப்படி கம்பளி மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

யாரும் முன்கூட்டி யோசிக்காதது தலை எண்ணெய். ஸ்வெட்டரில் எண்ணெய் படுவது கழுத்துப்பட்டியில் மட்டும். தலைமாட்டு உறையில் தினமும் ஒரே இடத்தில் தலை சாய்கிறது. என் வீட்டுக்காரர் படுக்கப்போகும் முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சாய்ந்தபடி முக்கால் மணி நேரம் போன் பார்ப்பார். ஆறு வாரத்தில் அங்கே வட்டமாக, கொஞ்சம் பளபளப்போடு ஒரு கறை. மலையில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய காலத்தில் அவர்கள் வீட்டு நாற்காலிகளின் முதுகில் லேஸ் துணி ஒன்றைப் போட்டு வைப்பார்களே, அது இதற்காகத்தான். ஆண்கள் தலையில் தடவிய மக்காசர் எண்ணெய் ஒட்டாமல் இருக்க. அந்த எண்ணெயிலும் தேங்காய் எண்ணெய் சேர்ந்ததுண்டு. ஆக, நம் வீட்டுப் பிரச்சினைக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது.

சரி, எண்ணெய் பட்டால் துவைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாவது. இங்கேதான் இரண்டு நூலும் பிரிகின்றன.

குன்னூருக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. பீரோவுக்குள் ஒரு பல்பை எரியவிட்டுத்தான் பட்டுப்புடவைகளைக் காப்பாற்றுகிறோம். இந்த ஈரத்தில் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்த மாதிரியே தெரியாமல் இருக்கும். ஸ்வெட்டருக்கு அது வரம், துவைக்கிற துணிக்குச் சாபம். அக்ரிலிக் இழை உள்ளே வாங்குவது ஒன்று, இரண்டு சதவீதம்தான். தண்ணீர் இழைகளுக்கு நடுவில் நிற்குமே தவிர இழைக்குள் போகாது. மெஷினில் சுற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் உறையைத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சுப்போட்டு, மெஷினில் குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, இரண்டு நிமிஷம் பிழியவிட்டு, சமையலறைக்கு வெளியே கம்பியில் மடித்துப் போடுவேன். நவம்பரில்கூடக் காலையில் போட்டால் மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது.

நாத்தனார் கதை வேறு. கம்பளியைத் தேய்க்கக் கூடாது, சுடுதண்ணீர் கூடாது, சோடா உப்புள்ள பவுடர் கூடாது. இழையின் மேலுள்ள செதில்கள் சூட்டிலும் உரசலிலும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் உறை சுருங்கிக் கெட்டியாகிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அதனால் பக்கெட்டில் ஷாம்பு கரைத்து அமுக்கி எடுப்பாள். நனைந்த பிறகு அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன், ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி கனம். தொங்கவிட்டால் நீண்டுவிடும் என்பதால் துண்டில் சுருட்டி, மேலே ஏறி மிதித்து நீரை எடுத்து, வெறுங்கட்டிலில் பரப்பிப் போட வேண்டும். கொடைக்கானல் எங்களைவிட உயரம், 2,100 மீட்டர். மேகம் ஜன்னல் வழியாக வந்து அறைக்குள் உட்காரும் ஊர். போன நவம்பரில் ஐந்தாம் நாள் போன் பண்ணினாள்: “மேலே காஞ்சிருச்சு அண்ணி, அடியில இன்னும் சில்லுனுதான் இருக்கு. ஆட்டு வாடை வேற.” அந்த ஐந்து நாளும் அந்தக் கட்டிலில் யாரும் படுக்க முடியவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பூச்சி. துணிப் பூச்சியின் புழுவுக்கு ரோமம்தான் உணவு. வியர்வையும் எண்ணெயும் பட்ட ரோமம் என்றால் இன்னும் இஷ்டம், இருட்டாக யாரும் அசைக்காத இடம் வேறு கிடைத்தால் கேட்கவே வேண்டாம். தலைமாட்டுப் பலகையின் பின்பக்கத்தை இதைவிடச் சரியாக வர்ணிக்க முடியாது. ஸ்வெட்டரை டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு மூடி வைக்கிறோம். இது மூக்குக்கு ஒரு ஜாண் தள்ளி இருக்கிற பொருள், இதில் உருண்டையைக் கட்டித் தொங்கவிட்டுத் தூங்க முடியுமா? அவள் வேப்பிலைக் கொத்து வைத்துப் பார்த்தாள். பின்விளிம்பில் மூன்று ஓட்டைகள் விழுந்தன, அதே நூலால் அடைத்தாள். அக்ரிலிக்கைப் பூச்சி தின்னாது. ஆனால் பூஞ்சைக்கு நூல் பிடிக்காவிட்டாலும் நூல் மேல் இருக்கிற அழுக்கு பிடிக்கும். சுவரோடு ஒட்டிய கீழ் விளிம்பில் எனக்கும் கறுப்புப் புள்ளிகள் வந்தன. கட்டிலைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போட்ட பிறகு மறுபடி வரவில்லை.

இனி அக்ரிலிக்கின் குறை. அது என் வீட்டிலேயே நடந்தது.

நான் முதலில் பின்னியது சடை. ஊசியில் நிற்கும் ஆறு கண்ணியில் (நூல் வளையத்தில்) மூன்றைத் தனி ஊசிக்கு மாற்றி முன்னால் நிறுத்தி, எட்டு வரிசைக்கு ஒரு தடவை குறுக்கே போடுகிற கேபிள். 7ஆம் நம்பர் ஊசி, அதாவது நாலரை மில்லிமீட்டர். 20 அங்குல அகலத்துக்கு 112 கண்ணி பிடித்தது, சடை துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பதினெட்டு நாள் வேலை. ஓரம் சுருண்டது. கம்பளிக்குச் செய்கிற மாதிரி ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். துணியை எடுத்துப் பார்த்தால், புடைத்து நின்ற சடைகள் ஈரக்காற்றில் விட்ட அப்பளமாகத் தட்டையாகத் துவண்டு கிடந்தன. நூல் வழவழவென்று ஆகிவிட்டது. நனைத்தேன், இழுத்தேன், உலுக்கினேன். திரும்பவில்லை. சூடு பட்ட அக்ரிலிக் செத்தது செத்ததுதான். கம்பளியாக இருந்திருந்தால் நனைத்து ஊசி குத்திக் காயவைத்து உருவைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். அந்தத் துண்டு இப்போது குளியலறை வாசலில் கால் துடைக்க.

அதன் பிறகு மாஸ் தையலுக்கு மாறினேன். ஒரு நிட் (வழவழவென்று தெரியும் நேர்க்கண்ணி), ஒரு பர்ல் (மணி மாதிரி புடைத்துத் தெரியும் மறுகண்ணி). அடுத்த வரிசையில் நம் பக்கம் நிட்டாகத் தெரிவதற்கு பர்ல், பர்லாகத் தெரிவதற்கு நிட். பின்னி முடித்தால் கேழ்வரகைக் கொட்டிப் பரப்பின மாதிரி மணிமணியாக இருக்கும். இதன் பெரிய வசதி, ஓரம் சுருளாது, அதனால் இஸ்திரிக்கே வேலை இல்லை. அதே அகலத்துக்கு 90 கண்ணி போதும். சடையின் இடுக்குகளில் தூசி சேர்கிற மாதிரி இதில் சேராது, காய்வதும் சீக்கிரம். சடை இல்லாமல் மனசு கேட்கவில்லை என்றால் நடுத்துண்டில் மட்டும் இரண்டு சடை ஓடவிடுங்கள், தலை படாத மேல் பாதியில்.

அளவு பற்றி ஒன்று. 60 அங்குலப் பலகைக்கு 60 அங்குலம் பின்னாதீர்கள். நான் மூன்று துண்டாகப் பின்னி இணைத்தபோது 57 வந்தது, பிடித்து இழுத்து மாட்டினால் மேடுகள் விரிந்து நன்றாகத் தெரிகின்றன. முன்பக்கம் 24 அங்குலம், மேலே மடிந்து பின்பக்கம் 10 அங்குலம். பின்னால் முழுசாக மூட வேண்டாம், நாலு நாடாவால் கட்டினால் போதும், பலகைக்கும் காற்று வேண்டும். எல்லாமாக 900 கிராம் ஆயிற்று. ஒரே லாட் நம்பரில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூலில், ஒரு பந்து கூடுதலாக வாங்கிவிடுங்கள், அடுத்த மாதம் போனால் அதே நிறம் கிடைக்காது.

என் உறைக்கு இன்னும் வயது போதாது. தலை படும் இடத்தில் இப்போதே சின்னச் சின்ன உருண்டைகள் எழும்புகின்றன, ரேசரால் மெல்ல வழித்து எடுக்கிறேன். ஐந்து வருஷத்தில் அந்த இடம் நைந்துபோனால் நடுத்துண்டை மட்டும் மாற்றிப் பின்னும் எண்ணத்தில்தான் மூன்று துண்டாக வைத்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் நான் அக்ரிலிக் சொல்ல மாட்டேன். படுக்கையறையில் கணப்பு மூட்டுகிறீர்கள், அல்லது கரண்ட் போனால் தலைமாட்டில் மெழுகுவத்தி வைக்கிறீர்கள் என்றால் கம்பளிக்கே போங்கள். தட்டில் பார்த்தோமே, கம்பளி லேசில் பற்றாது, பற்றினாலும் கருகி அடங்கப் பார்க்கும். அக்ரிலிக் உருகி எரியும், உருகினது தோலில் ஒட்டும்.

எங்கள் விருந்தாளி அறையில் பழைய கணப்பு இருக்கிறது. வருஷத்தில் பத்து நாள்தான் யாராவது படுப்பார்கள், எண்ணெய்த் தலைக்கும் மாதாந்திரத் துவையலுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் கட்டிலுக்கு நாத்தனார் மிச்சம் வைத்த கம்பளி நூலில் சடை போட்டுக்கொண்டிருக்கிறேன். நாற்பது வரிசை ஆகியிருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை மேல் பரணில் போட்டுவிட்டேன்.