கிரிம்பிங் டூல்: எட்டு மாசம் அடிச்சுப் பாத்துட்டு எழுதுறேன்

திண்டுக்கல் பக்கம் இன்வெர்ட்டர், பம்ப்செட் வேலை பாக்குறேன். இத்தனை வருசமா லக்கை (ஒயர் முனையில மாட்டி போல்ட்ல முடுக்குற செம்புக் குழல்) வைஸ்ல வச்சு நசுக்கியே ஓட்டிட்டேன். போன கோடையில ஒரு வீட்ல பேட்டரி ஒயர் முனை கருகி, மேல் உறை உருகிப்போய்க் கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா நான் நசுக்கின லக்தான். 700 வாட் இழுத்தா, இன்வெர்ட்டர்ல வீணாகுறதையும் சேத்து 12 வோல்ட் பக்கம் 60 ஆம்பியருக்கு மேல ஓடும். பிடி லூசா இருந்தா சூடாகாம என்ன செய்யும்? அன்னிக்கு ராத்திரியே இந்தக் கை ஹைட்ராலிக் டூலை ஆர்டர் போட்டேன். மூவாயிரத்துச் சொச்சம். 4 முதல் 70 ஸ்கொயர் எம்எம் வரைக்கும் எட்டு ஜோடி டை (லக்கை அமுக்குற அச்சு).

முதல் நாளே ஏமாற்றம். 16 ஸ்கொயர் ஒயர், 16-8 லக் (16 ஒயருக்கு, 8 போல்ட் ஓட்டைக்கு), 16 நம்பர் டை. எல்லாம் சரியாத்தான் போட்டேன். இழுத்தா ஒயர் உருவிட்டு வருது! டூலைத் திட்டிட்டு 10 நம்பர் டையில அடிச்சேன். பிடிச்சுது, ஆனா ரெண்டு பக்கமும் காது மாதிரி செம்பு பிதுங்கிடுச்சு.

திருப்பி அனுப்பலாம்னு இருந்தேன். பையில கிடந்த டவல்ஸ் (Dowells) கம்பெனி லக் ஒண்ணை அதே 16 டையில அடிச்சா கல்லு மாதிரி நிக்குது. ரெண்டையும் ஹேக்ஸா பிளேடால குறுக்க அறுத்துப் பாத்தேன். முதல்ல அடிச்சதுல இழை இழையாத் தெரியுது, நடுவுல இடைவெளி. டவல்ஸ்ல இழையே தெரியல, ஒரே செம்புக்கட்டி. அப்பதான் புரிஞ்சுது: டூல் மேல தப்பில்ல. நான் எடைக்கு வாங்கின லக்கோட சுவர் மெல்லிசா, தகடு மாதிரி இருந்திருக்கு.

பழைய வீட்டு ஒயருக்கு லக் வாங்கும்போது இன்னொரு வம்பு. 7/20னு கேட்டா கடையில 4 நம்பர் லக் எடுத்து நீட்டுவாங்க. ஏழு கம்பி, 20 கேஜ்; கணக்குப் போட்டா 4.6 ஸ்கொயர் வருது. சில லக்ல நுழையாது. ரெண்டு கம்பியை வெட்டிட்டுச் சொருகுற ஆளையும் பாத்திருக்கேன். மிச்சம் 3.3தான். கம்பி குறைஞ்சது மோட்டாருக்குத் தெரியவா போகுது? அது இழுக்குற கரண்டை இழுக்கத்தான் செய்யும். துண்டு ஒயரைக் கையில கொண்டுபோய் கவுன்டர்லயே நுழைச்சுப் பாத்து வாங்குங்க. அலுமினிய ஒயர்னா செம்பு லக் வேண்டாம், பைமெட்டல் லக் (ஒயர் பக்கம் அலுமினியம், போல்ட் பக்கம் செம்பு) கேளுங்க.

குறைன்னா, டையை மாட்டிக் கழட்டறதுக்குள்ள விரல் நோகுது. பெட்டியோட பிளாஸ்டிக் பூட்டு ரெண்டாம் மாசமே உடைஞ்சு இப்ப ரப்பர் பேண்ட் போட்டிருக்கேன். ஏணி மேல நின்னு அடிக்கக் கனம் ஜாஸ்தி. எண்ணெய் இதுவரை கசியல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்தக் கருகின வீட்டுக்கு மறுபடி போய் நாலு முனையும் காசு வாங்காம மாத்திக் குடுத்துட்டேன். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் அரைமணி ஓடினதுக்கு அப்புறம் முனையைத் தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்துச்சு.