உணவுப் பரிசோதனை என்ற பெயரில் என் இரண்டு மாதச் சம்பளம் போனது: குடல் அழற்சி நோயாளிகள் கவனத்திற்கு

‘திறக்கப்பட்ட டப்பாக்களுக்குப் பணம் திருப்பித் தர இயலாது’ என்று, என் இரத்தத்தைப் பரிசோதித்து உணவுப் பொடி விற்ற நிறுவனத்திடமிருந்து நேற்று மாலை கடைசிப் பதில் வந்தது. என் இரண்டு மாதச் சம்பளம் அத்தோடு போய்விட்டது. அதே விளம்பரம் இன்று காலையும் என் கைப்பேசியில் வந்து நின்றதால், கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது ஆண்டுகளாகக் குரோன் நோய், அதாவது நாள்பட்ட குடல் அழற்சி, இருக்கிறது. சாப்பிட்டால் வயிறு என்ன செய்யும், போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா என்று யோசிக்காமல் ஒரு கவளம்கூட எனக்கு உள்ளே இறங்குவதில்லை. எதைச் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டால், ஒத்துக்கொள்வதைச் சாப்பிடுங்கள் என்பார். அது உண்மைதான், ஆனால் வலியோடு இருப்பவருக்கு அந்த ஒரு வரி போதாது.

இரத்தத்தைப் பரிசோதித்து, ஆகாத உணவுகளைக் கண்டுபிடித்து, 90 நாளில் குடலைச் சீராக்குவதாகச் சொல்லும் இணையவழி ஆலோசனை நிறுவனம் ஒன்றில் அப்படித்தான் போய் விழுந்தேன். முதல் அழைப்பில் பேசிய பெண் நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், விருந்துக்குப் போவதை எப்போது நிறுத்தினீர்கள் என்று அவர் விசாரித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அழைப்பு முடிவதற்குள் இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன்.

வந்த அறிக்கையில் 43 உணவுகள் சிவப்பில் இருந்தன. பால், முட்டை, கோதுமை, மீன் என்று நான் வாரம் தவறாமல் சாப்பிட்டவை எல்லாம் சிவப்பு. தொட்டே பார்க்காதவை பச்சை. நோயின் வேரையே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நம்பினேன். அவர்கள் அளந்தது உடலின் எதிர்ப்பாற்றல் உருவாக்கும் ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பொருள் என்பதையும், உடல் ஓர் உணவுக்குப் பழகியிருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும் என்பதையும் பிறகுதான் என் குடல் மருத்துவர் விளக்கினார். அதன் ஒரு வகையான ஐஜிஜி4-இன் அளவை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டறியக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-லேயே அறிவித்திருக்கிறதாம்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லி அவர்கள் எழுத்தில் ஒரு வார்த்தையும் தரவில்லை. ‘தேவை தானாகக் குறையும்’ என்று பேச்சில் சொன்னார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கி அழற்சியைக் கட்டுப்படுத்தும் என் மாத்திரையான அசதயோபிரினை நான் பாதியாக்கினேன். அழற்சி மூண்டிருக்கும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். நானோ புரதம் தரும் உணவையெல்லாம் விலக்கிவிட்டு அவர்களுடைய பொடியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். ஏழு வாரத்தில் எட்டு கிலோ குறைந்தது. இடைவாரில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போட்டேன்.

இரத்தம் போகிறது என்று எழுதினேன். ‘நச்சு வெளியேறுகிறது, தொடருங்கள்’ என்று பதில் வந்தது. மறுபடி எழுதியதற்கு, நான் விதியை மீறி எதையோ சாப்பிட்டிருப்பேன் என்றார்கள். அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றேன். அவர் இப்போது பணியில் இல்லையாம். குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதம் மலத்தில் 1,400-ஐத் தாண்டியிருந்த ஆய்வக அறிக்கையை அனுப்பினேன். 250-ஐத் தாண்டினாலே அழற்சி மூண்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் கவனிக்கும் அளவு அது. அதற்குப் பதிலே இல்லை. பணத்தைக் கேட்ட பிறகுதான் பதில் வந்தது, அதுவும் டப்பா மூடியைப் பற்றி. இரண்டு மாதச் சம்பளத்துக்கு அவர்கள் தந்த கணக்கு அவ்வளவுதான்.

உணவால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. குரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை முழுத் திரவ உணவு மட்டுமே கொடுத்து நோயை அடக்குவது நிலைபெற்ற சிகிச்சை. ஆனால் அதை மருத்துவரும் உணவியல் நிபுணரும் எடையையும் இரத்தத்தையும் பார்த்துப் பார்த்து நடத்துகிறார்கள்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. ஐஜிஜி பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள். எடை குறைந்தால் காத்திருக்காதீர்கள். எனக்கு ஹீமோகுளோபின் 8.1-க்கு இறங்கிவிட்டது, இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற நாளை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.