குன்னூர் ஏற்றத்துக்கு எந்தப் பழைய வண்டி: அம்பாசிடரா, ஃபியட்டா, ஜீப்பா?

பழைய கார் வாங்கி நீலகிரியில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஹேண்ட் கியர் கைக்கு வருமா?" என்றுதான். வரும். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தின் சமதரையில் ரெண்டு நாள் ஓட்டினால் கை தானாகப் போகும். மலையில் ஆளைச் சோதிப்பது வேறு: ஃபர்ஸ்ட் கியரில் சிங்க்ரோமெஷ் (கியர் பற்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது. அம்பாசிடரின் பழைய நாலு கியர் பெட்டியிலும் இல்லை, ஃபியட் 1100 வழிவந்த பத்மினியிலும் இல்லை.

கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் பாரம் ஏற்றிய லாரி, செகண்டில் என்ஜின் திணறுகிறது. இன்றைய கார் என்றால் யோசிக்காமல் ஃபர்ஸ்டுக்குத் தள்ளுவோம். இதில் அப்படித் தள்ளினால் பல் அரைக்கும் சத்தம்தான் வரும். டபுள் கிளட்ச் அடிக்கணும்: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரில் ஒரு மிதி, மறுபடி கிளட்ச், அப்புறம் ஃபர்ஸ்ட். இதையெல்லாம் வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் போய்விட்டால் இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கே போதாது.

இந்த இடத்தில்தான் இரண்டு வண்டிகளும் பிரிகின்றன. அம்பாசிடரின் பெட்ரோல் என்ஜின் 1489 சிசி; பத்மினிக்கு 1089. அம்பாசிடர் கனமானதுதான், ஆனாலும் இழுவை இருப்பதால் செகண்டிலேயே பல வளைவுகளைத் தாண்டிவிடும். பத்மினியில் ஆள் நிறைந்தால் ஃபர்ஸ்டைத் தேடும் நேரம் அதிகம். ஆனால் அது கைக்கு லேசான வண்டி, குறுகலான ரோட்டில் திருப்பவும் சுலபம். அம்பாசிடரில் கியர் ராடுகளின் புஷ் (ராடு அசையும் இடத்தில் உள்ள சின்ன வளையம்) தேய்ந்துபோனால் நடு ஏற்றத்தில் கியர் சிக்கிக்கொள்ளும். பானட்டைத் திறந்து ராடைக் கையால் தட்டி விடுவிக்கும் வித்தை பழைய டாக்ஸி டிரைவர்களுக்கு அத்துபடி.

இந்த இரண்டு கார்களிலும் முன்னால் ஒரே நீளமாக இருக்கும் பெஞ்ச் சீட்டைப் பற்றியும் சொல்லணும். வலப்பக்க வளைவில் உடம்பு இடப்பக்கம் வழுக்கும், பிடித்து நிறுத்த அந்தப் பக்கம் கதவு கூட அருகில் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவதைத்தான் பலர் "ஓட்டுவது" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜீப் தனி ஜாதி. மூன்றே கியர், தரையில் ஒரு பெரிய லீவர், பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்கள். ஒன்று நாலு சக்கர இழுவைக்கு, இன்னொன்று ஹை-லோவுக்கு, அதாவது சாதாரண ஓட்டமா, மெதுவான கூடுதல் இழுவையா என்று மாற்ற. பழைய வில்லிஸ் ஜீப்பில் ஸ்டார்ட்டர் கூடக் காலால் மிதிப்பதுதான். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சேற்றில் லோவில் போட்டு விட்டால் அதற்கு நிகர் கிடையாது. தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் இணைத்து ஓட்டக் கூடாது, பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். இந்தியாவில் வந்த பழைய மஹிந்திரா ஜீப்புகள் பல லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். ஏறும்போது ரோட்டின் இடப்பக்க ஓரம் கண்ணுக்கு நேரே தெரியும், லாரியை முந்தும்போது எதிரே வருவது தெரியாது. பக்கத்து சீட்டில் நம்பிக்கையான ஆள் வேண்டும்.

இரவுக்கு ஒரு விஷயம். பழைய அம்பாசிடரிலும் ஜீப்பிலும் லைட்டை டிம் அடிக்கும் பித்தான் தரையில், கிளட்சுக்கு இடப்பக்கம் இருக்கும். குன்னூர் பாதையில் வரும் பர்லியாறுக்கு மேலே மூடுபனி இறங்கினால் ஹை பீம் அப்படியே கண்ணில் திருப்பி அடிக்கும். எதிரே பஸ் வர, அதே இடது கால் கிளட்சுக்கும் வேண்டும், டிம்முக்கும் வேண்டும். அதனால் முதலில் டிம், அப்புறம் கியர்.

இதெல்லாம் கஷ்டம் என்பவர்கள் 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யை நினைத்துப் பார்க்கலாம். இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், விட்டால் ஹை, நடு பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக், ஆக்ஸிலரேட்டர் கையில். நம் பழக்கத்தில் நடு பெடலைப் பிரேக் என்று மிதித்தால் ரிவர்ஸைத்தான் மிதித்திருப்போம்! அதைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம், மலை ரோட்டுக்கு எடுக்க மாட்டேன்.

குடும்பத்தோடு ஊட்டி போக என் ஓட்டு அம்பாசிடருக்கு. தனியாகவோ இருவராகவோ சுற்றுவதற்கு, முதன்முதலில் பழகுகிறவருக்கு, பத்மினி. தோட்டத்து மண்பாதை இருந்தால் மட்டும் ஜீப். எதுவானாலும் காசு கொடுக்கும் முன் ஒரு ஏற்றத்தில் செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள். சிக்கினால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.